சொந்த வார்த்தையில்

சொந்த வார்த்தையில் எழுதினால் போதும் என்று ஆசீர்வாதம் அண்ணா சுலபமாகச் சொல்லிவிட்டார், ஆனால் எது சொந்த வார்த்தை, பதினோரு வருஷம் ஒரே வீட்டில் ஒருவர் பேச்சைக் கேட்டுக் கேட்டு வாழ்ந்தவளுக்குச் சொந்தம் என்று வாயில் என்ன மிஞ்சியிருக்கும்... ஜபீன் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் அண்ணாவின் இந்த ஒரு பிரவுசிங் சென்டரில்தான் தமிழில் அடிக்க வசதி உண்டு. பகல் பதினொரு மணி, வெளியே இரும்பு மில்களின் தூசி வெயிலில் மினுங்கிக்கொண்டு மெல்ல இறங்கியது. திரையில் அவள் கணவர் ஃபயாஸின் பக்கம், ஒவ்வொரு பதிவின் அடியிலும் எழுதியவர் ஃபயாஸ், எழுதியவர் ஃபயாஸ்... லாரி மோதி, ஆள் மண்ணுக்குள் போய் ஐந்து மாதம். அலாரம் பதிவில் இருக்கும் படங்களை இன்று மாலைக்குள் எடுக்காவிட்டால் பக்கம் முழுவதையும் முடக்கச் சொல்வோம் என்று பெங்களூர்க் கம்பெனி கடிதம் போட்டிருந்தது, அன்புள்ள திரு. ஃபயாஸ் அவர்களுக்கு என்று.

மில்லில் எலக்ட்ரீஷியன் வேலை, வீட்டுக்கு வந்தால் மறுபடியும் ஒயரும் ஈயமும், பெங்களூரிலிருந்து தபாலில் உதிரிப் பாகங்கள் அடங்கிய கிட் பெட்டி வரவழைத்து ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. அதில் எல்லோருக்கும் பிடித்தது தண்ணீர்த் தொட்டி அலாரம், தொட்டி நிரம்பினால் குருவி மாதிரிக் கத்தும். பெட்டிக்குள் இங்கிலீஷில் ஆறு பக்கத்துக்கு ஒரு செய்முறைத் தாள். மில்லில் பாதிப் பேர் அதைத் தொலைத்தார்கள், மீதிப் பேருக்குப் படித்தால் புரியவில்லை, அதனால் ஆறு பக்கத்தையும் படமெடுத்து, கீழே தமிழில் விளக்கம் எழுதி இணையத்தில் போட்டார். விற்கவா செய்தார், பெட்டி வாங்கினவனுக்குத்தானே உதவி... ஆனால் கிட் கம்பெனியின் கடிதம் சொன்னது இதுதான், பெட்டியைக் காசு கொடுத்து வாங்கலாம், தாளில் இருக்கும் படத்தையும் எழுத்தையும் ஊருக்குப் பிரதி போட்டுக் கொடுக்கும் உரிமை அதோடு வராது. அதுவும் நியாயம்தானே, யாரோ ஒருவர் உட்கார்ந்து அந்தக் கோடுகளை வரைந்திருப்பார். முதல் கடிதம் அவர் போன மறுவாரமே வந்திருக்கிறது. அப்போது ஜபீன் கணவனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் இருந்தாள், நான்கு மாதமும் பத்து நாளும் வாசல் தாண்டவில்லை, இறந்தவர் பேருக்கு மூன்று கடிதங்கள் பிரிக்க ஆளில்லாமல் கிடந்தன. பழவேற்காட்டிலிருந்து மாமி போனில் சொன்னார், “எல்லாத்தையும் அழிச்சிட்டு வந்துரும்மா, மௌத்தானவன் பேர்ல கேஸு கீஸு வந்தா யாரு அலையிறது.” மாமி சொல்வதில் தப்பில்லை. ஆனால் அவர் பேரைச் சொல்லி இன்னும் ஆட்கள் பேசிக்கொண்டிருக்கும் இடம் இது ஒன்றுதான், வீட்டில் யாரும் அந்தப் பேரை எடுப்பதில்லை, எடுத்தால் அவள் அழுவாளாம்.

“கம்பெனிக்காரன் பூச்சாண்டி காட்றான்னு நான் சொல்லமாட்டேன் தங்கச்சி,” என்று போன வாரம் கடிதத்தைப் படித்துவிட்டுச் சொன்னார் ஆசீர்வாதம் அண்ணா, சென்டர் முதலாளி, வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டிருந்தவர். “நான் பிரியாணி ஆக்கறத பாத்து நீ ஆக்குனா நான் இன்னா கேக்க முடியும்? ஆனா என் கடை போர்டையே கயட்டிக்கினு போனா சும்மா உடுவனா?” “நீங்க பிரியாணி ஆக்குவீங்களாண்ணா?” “ஆக்குவேன், நாய்கூட துன்னாது, அது வேற. படம் இல்லாம அவர் எழுதுனது மட்டும் யாருக்கும் புரியாது, நீ அந்தத் தாளைப் பாக்காத. நீயே செஞ்சு பாரு, செஞ்சத உன் சொந்த வார்த்தையில எழுது. படத்தை எடுத்துடு. அப்பால யாரும் இன்னான்னு கேக்கமாட்டான்.”

அவள் செய்தாள். பிரிக்காத பெட்டி ஒன்று பீரோவில் இருந்தது, மூன்று நாள் பிடித்தது, இரண்டு விரல் சுட்டுக்கொண்டது, கடைசியில் வாளித் தண்ணீரில் கம்பிகளை முக்கியதும் குருவி கத்தியது. மில் குவார்ட்டர்ஸில் அந்தக் குருவி ஏற்கெனவே பல மாடிகளில் உண்டு, அவர் சொல்லிக் கொடுத்துச் செய்தவை, காலையில் மோட்டார் போடும் நேரத்தில் இங்கே ஒன்று கத்தும், அங்கே ஒன்று கத்தும், மரமே இல்லாத தெருவில். செய்ததைச் செய்தபடி நோட்டில் எழுதினாள்.

இப்போது படங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். நிச்சயமாக நீக்க வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டது, ஆம், ஆம்... ஐந்தாவது படத்தின் ஓரத்தில் தாளைப் பிடித்திருந்த அவருடைய கட்டைவிரல், நகத்தில் மில் கறுப்பு. கோடு அவர்களுடையது, எழுத்து அவர்களுடையது, விரல்? விரலை மட்டும் வெட்டி வைத்துக்கொள்ள முடியுமா என்று அண்ணாவைக் கேட்கலாம், கேட்டால் என்ன நினைப்பார்... ஆம் என்பதை அழுத்தினாள்.

நோட்டைப் பார்த்து அடிக்கத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. பச்சை ஒயரை நம்பாதீர்கள். அவர் எழுதின விளக்கத்தில் இருந்த வரி இல்லையா இது, கம்பெனிப் படத்தில் பச்சை ஒயர் இடம் மாறியிருந்ததால் எழுதினது? நோட்டைப் பார்த்தாள், அவள் கையெழுத்தில் அப்படியேதான் இருந்தது, எழுதியபோது தெரியவில்லை. அழித்தாள். பச்சை ஒயரை வலப்பக்க ஓட்டையில் சொருகவும் என்று அடித்தாள், அது யாரோ அரசாங்க அதிகாரி பேசுவது போல இருந்தது, மறுபடி அழித்து, வேறு மாதிரி யோசித்து, அடித்து முடித்துப் பார்த்தால் நம்பாதீர்கள். அடுத்த வரியும் அப்படித்தான், ஈயம் ஆறும்வரை மனசுக்குள் ஏழு எண்ணுங்கள், அதற்கடுத்த வரியும். கம்பெனியின் வார்த்தை ஒன்றுகூட இல்லை. அவளுடையதும் இல்லை. அவர் சொந்த வார்த்தையில்தான் அவள் எழுதிக்கொண்டிருந்தாள். சரி, அவர் கடிதம் போடப்போவதில்லை... சிரிப்பு வந்தது. வெளியிடு என்பதை அழுத்தினாள், பக்கம் தானாகவே அடியில் போட்டுக்கொண்டது. எழுதியவர் ஃபயாஸ்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, கீழே ஒருவர் எழுதியிருந்தார், அத்திப்பட்டு பவர் ஹவுஸ் குவார்ட்டர்ஸ் பார்த்திபன். அண்ணா இத்தினி நாளா எங்க பூட்டீங்க, உங்க எழுத்தைப் பாத்ததும்தான் உசுரு வந்துச்சு. தொட்டி காலி, ஆனா ரெண்டு நாளா குருவி கத்திக்கினே கீது, வூட்ல என்ன வெட்டிடுவா போல.

ஜபீன் அடித்தாள், ஃபயாஸ் இறந்துவிட்டார், நான் அவர் மனைவி. பார்த்தாள். இதோ, இந்த ஒரு வரி அவளுடையது, அவர் எழுதியிருக்கவே முடியாதது. அனுப்ப வேண்டியதுதான், அனுப்பினால் இந்தப் பக்கமும் வீடு மாதிரி ஆகிவிடும், யாரும் பேர் எடுக்க மாட்டார்கள்... பின்னால் அழிக்கும் விசையை அமுக்கிப் பிடித்தாள், எழுத்துகள் கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போயின. வெறும் கட்டத்தில் விரல்கள் ஓடின. கத்துவது குருவி இல்லை, பாசி. தண்ணீர் இறங்கினாலும் இரண்டு கம்பிக்கும் நடுவில் தொட்டிச் சுவரில் ஈரப் பாசி நிற்கும், கரண்ட் அதன் வழியாகப் போகும். பழைய பல் பிரஷால் தேய்த்து விடுங்கள், வீட்டம்மாவுக்கு என் சலாம்.

“தங்கச்சி, டைம் ஆவுது, இன்னும் அரை மணி போடட்டா?” “போடுங்கண்ணா.” அரை மணி முடிவதற்குள் பார்த்திபன் மறுபடி எழுதிவிட்டார். நின்னுடுச்சுண்ணா! நேர்ல வந்து பாத்த மாதிரி எப்டி சொன்னீங்க?

எப்படிச் சொன்னாள்? வாளியில் பாசி இல்லை. நோட்டைப் புரட்டினாள், அதில் இல்லை. அவருடைய பழைய பதிவுகளை மேலிருந்து கீழ்வரை படித்தாள், பாசி என்ற சொல்லே இல்லை. அவர் வாயால் சொல்லி எப்போதாவது கேட்டிருக்கிறாளா, சாப்பிடும்போது, தூங்கப்போகும்போது... பதினோரு வருஷத்தையும் துழாவினாள், இல்லை, இந்தப் பேச்சே வந்ததில்லை. எந்தத் தொட்டிக்குள்ளும் அவள் எட்டிப் பார்த்ததும் கிடையாது. ஆனால் அந்தச் சுவர் எப்படி இருக்கும் என்று இப்போது அவளுக்குத் தெரிந்தது, மூடியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் குளிர்ச்சி, வலது ஓரமாகக் கீழிறங்கும் பச்சை, தொட்டால் வழுக்கும்... அடுத்து இன்னொருவர் ஏதோ கேட்டிருந்தார். அவள் கேள்வியை முழுதாகப் படிக்கவில்லை, விரல்களை மட்டும் விசைகளின்மேல் வைத்துக்கொண்டு, அவை தாமாக ஓடத் தொடங்குவதற்குக் காத்திருந்தாள்.