தொடர்புக்கு: அம்மா

"உங்க அம்மா வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் கேட்டிருக்காங்க மேடம். அவங்க வயசுக்கு மரியாதை குடுத்துதான் விட்டு வெச்சிருக்கோம்."

பெரியவள் அப்போது ஒரு பல்செட்டுக்காக மெழுகில் பல் அடுக்கிக்கொண்டிருந்தாள். கீழ்த்தாடைக்குப் பதினான்கு பல், அதில் பதினொன்று முடிந்திருந்தது. போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தவள், சூடேற்றிய கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். ஒரு சொட்டு மெழுகு மேசையில் விழுந்து உறைந்தது. அவளுடைய அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது.

"யாருகிட்ட பேசினீங்க?"

"உங்க அம்மாகிட்டதான். தொடர்புக்குன்னு நீங்க போட்டுக் குடுத்த நம்பர்தானே அது?"

"என்ன சொன்னாங்க?"

அவன் கொஞ்சம் தயங்கினான். இந்த ஆறு நாளில் கடனைக் கேட்டு அவளை அழைத்த குரல்களில் இவன் ஒருவன்தான் வாயில் வந்ததைப் பேசாமல் இருந்தான். வேலைக்குப் புதிது போலிருக்கிறது. "தம்பின்னு கூப்பிட்டாங்க மேடம். சாப்பிட்டியான்னு கேட்டாங்க. வேலைக்கு வந்து இதுவரைக்கும் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்ல" என்றான். பிறகு யாரோ பக்கத்தில் வந்து நின்றதுபோல் குரலை மாற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை தாண்டினால் அவள் போனில் உள்ள அத்தனை பேருக்கும் அவள் படத்தோடு செய்தி போகும் என்று ஒப்பித்துவிட்டு வைத்தான்.

பொய்யாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். பொய் சொல்லி மிரட்டுவதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம். ஆனால் அந்தச் 'சாப்பிட்டியா' அவளை விடுவதாக இல்லை. தவறான எண்ணுக்கு அழைத்தவனைக்கூட அம்மா அப்படிக் கேட்பாள். கரண்ட் கட்டணம் கட்டவில்லை என்று ஃபியூஸைப் பிடுங்க வந்த ஆளை உட்காரவைத்துக் கேட்டவள் அவள். அது இந்தப் பையனுக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டாவது பல்லை எடுத்த பெரியவள், அது மேல்தாடைப் பல் என்பதுகூடத் தெரியாமல் மெழுகில் அழுத்தினாள். இருபது வருடத்தில் அவள் செய்யாத தவறு.

அந்த லேபில் எல்லோருக்கும் அவள் பல்லக்கா. மூன்று மேசை, ஒரு அடுப்பு, பல்லை மெருகேற்றும் ஒரு மோட்டார், எதைத் தொட்டாலும் விரலில் ஒட்டும் வெள்ளை மாவு. ஊரில் பாதிப் பேர் தன் சிரிப்பைத்தான் வாயில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். ஆறு நாளாக அந்த வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிருந்தது. போன் அதிரும்போதெல்லாம் மோட்டாரைப் போட்டுக்கொண்டாள்.

அம்மா இறந்தது ஒரு காலை நேரத்தில். ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. கைமாற்று, நகை, சின்னவளின் ஒரு மாதச் சம்பளம் என்று எல்லாம் போட்டும் கடைசிக் கணக்கில் எட்டாயிரம் குறைந்தது. அதைக் கட்டினால்தான் உடலைத் தருவார்கள். தங்கை உள்ளே அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்திருக்க, பெரியவள் வெளியே நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து போனில் அந்தச் செயலியை இறக்கினாள். சம்பளச் சீட்டைக் காட்டினால் பத்து நிமிடத்தில் பணம், சம்பளம் வந்ததும் திருப்பினால் போதும் என்றது விளம்பரம். போனில் உள்ள எண்களையெல்லாம் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டது. சரி என்றாள். தொடர்புக்கு ஒரு உறவினர் என்று கேட்டது. தங்கையின் எண்ணைக் கொடுக்க மனம் வரவில்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வேறு எண் ஒன்றுதான். அந்த எண்ணுக்கு அழைத்தால் இனி யார் எடுக்கப்போகிறார்கள், யார் அவமானப்படப்போகிறார்கள் என்று நினைத்தாள். உறவு என்ற கட்டத்தில் 'அம்மா' என்று அடித்தபோது அம்மா போய் மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

எழுதியது பத்தாயிரம். கைக்கு வந்தது எட்டாயிரத்து இருநூறு. மீதியைக் கட்டணம் என்று முன்னாலேயே பிடித்துக்கொண்டார்கள். பதினைந்தாம் நாள் பத்தாயிரமும் கட்ட வேண்டும். கட்டினால் வாடகை இல்லை. அப்போதுதான் அந்த இன்னொரு பொத்தான் கண்ணில் பட்டது. ஆயிரத்து எண்ணூறு மட்டும் கட்டினால் தவணை பதினைந்து நாள் தள்ளிப்போகும். அப்பாடா என்று அழுத்தினாள். அந்த ஆயிரத்து எண்ணூறு அசலில் ஒரு காசைக்கூடக் குறைக்காது என்பதை மூன்றாவது முறைதான் உட்கார்ந்து யோசித்தாள். அதற்குள் பழகிவிட்டது. இருபத்தெட்டு முறை அழுத்தியாயிற்று. வாங்கிய எட்டாயிரத்துச் சொச்சத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் கட்டியும் பத்தாயிரம் பத்தாயிரமாகவே உட்கார்ந்திருந்தது. இந்த முறை பல் டாக்டர்கள் பாக்கி வைத்துவிட்டார்கள் என்று முதலாளி சம்பளத்தைத் தள்ளிப்போட்டார். அதோடு சேர்ந்து தவணை தள்ளிப்போகவில்லை. ஆறே நாளில் அபராதத்தோடு பதினான்காயிரம் ஆகிவிட்டது.

சின்னவளிடம் அன்று சொன்னது, முதலாளி முன்பணம் கொடுத்தார் என்று. அவளும் நம்பினாள். சின்னவள் ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். மருந்தாளுநர் படிப்பை முடித்துவிட்டால் அதே கடையில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம், சம்பளமும் இரண்டு மடங்கு. அதற்காக ஒரு வருடமாகப் பஸ் காசைக்கூட மிச்சம் பிடித்துப் பதினைந்தாயிரம் சேர்த்திருந்தாள். திங்கட்கிழமை சேர வேண்டும். அக்காவுக்குக் கடன் என்று தெரிந்தால் மறுபேச்சில்லாமல் அந்தப் பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடுவாள். பெரியவள் பயந்தது அதற்குத்தான். திட்டினாலும் தாங்கிக்கொள்ளலாம், திட்டாமல் கொடுத்துவிடுவாளே என்ற பயம். திங்கட்கிழமை மட்டும் தாண்டட்டும், அப்புறம் ஊரெல்லாம் என் படம் போனால் போகட்டும் என்று ஆறு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மதியம் வாக்கில் பின்பக்கம் போய், தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று அந்த எண்ணை அழுத்தினாள். போனில் இன்னும் 'அம்மா' என்றுதான் இருந்தது. அந்த சிம் காலாவதியாகிப் போய்விட்டது என்று சின்னவள் எப்போதோ சொல்லியிருந்தாள். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். மணி அடித்தது. நான்காவது மணியில் யாரோ எடுத்தார்கள். பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. "யாரு?" என்று கேட்க வாயெடுத்தவள், "அம்மா?" என்று கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்பு அறுந்தது.

அதற்குமேல் அவளால் மேசையில் உட்கார முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பஸ்ஸில் உட்கார இடம் இருந்தும் கடைசிவரை நின்றுகொண்டே வந்தாள்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டாவது திருப்பம் ஏறும்போதே குரல் கேட்டது. பெரியவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சந்தேகமே இல்லை. வார்த்தையின் கடைசியைக் கொஞ்சம் இழுத்து, நடுவில் மூச்சு வாங்கி, மறுபடி அதே நிதானத்தோடு தொடங்கும் அந்தக் குரல்.

"கத்தாத தம்பி. அக்கம்பக்கத்துல மனுஷங்க இருக்காங்க."

அவள் மெதுவாக ஏறினாள். கதவு ஒருக்களித்திருந்தது. சின்னவள் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேலைக்குக் கிளம்பிய உடை, மடியில் பை, காதில் அம்மாவின் பழைய பட்டன் போன். அம்மா இருந்தபோதே போனில் யார் பேசினாலும் அம்மாவா சின்னவளா என்று குழம்பித்தான் போவார்கள். அத்தை ஒருமுறை அரைமணி நேரம் சின்னவளிடம் நாத்தனார் கதையெல்லாம் கொட்டிவிட்டு அப்புறம் தலையில் அடித்துக்கொண்டாள். அது தெரிந்தும் பெரியவள் வாசலிலேயே நின்றாள். சிம் போய்விட்டது என்று சொன்னவள், மாதாமாதம் காசு போட்டு அதை உயிரோடு வைத்திருக்கிறாள்.

போனிலிருந்து ஒரு ஆண்குரல் அறை முழுக்கக் கேட்கும்படி இரைந்துகொண்டிருந்தது. இது அந்தப் புதுப் பையன் இல்லை. பொண்ணை எதற்குப் பெத்தாய், எங்கே அனுப்பிச் சம்பாதிக்கிறாய் என்றெல்லாம் கேட்டான். காது கூசியது. ஆறு நாளாக இதையெல்லாம் சின்னவளும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள், ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல்.

சின்னவள் நிமிர்ந்தாள். அக்காவைப் பார்த்தாள். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, குரல் மட்டும் மாறவில்லை.

"நீ சொன்ன தேதி எனக்குத் தெரியும் தம்பி. அந்தத் தேதியில அவ யாருக்காக வாங்கியிருப்பான்னும் தெரியும். ஏமாத்துறவ இல்ல என் பெரியவ. வாயில்லாதவ. அவளை ஒண்ணும் சொல்லாத."

உயிரோடு இருந்தவரை அம்மா இப்படி ஒரு வார்த்தையைப் பெரியவளின் காதுபடச் சொன்னதில்லை. கையை நீட்டி அந்தப் போனை வாங்க வேண்டும், வாங்கி "நான்தான் பேசறேன்" என்று சொல்ல வேண்டும். கை எழுந்தது. பாதியில் நின்றது. தான் வாயைத் திறந்தால் அந்தக் குரல் போய்விடும், அந்த இடத்தில் தங்கைதான் இருப்பாள்.

"நாளைக்குக் காலையில மொத்தமா கட்டிடறேன்" என்றது அந்தக் குரல். "பணம் இருக்கு. என் சின்னவ படிப்புக்குன்னு வெச்சது."

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும். பெரியவளின் உதடு அதற்காகக் குவிந்தது. சத்தம் வரவில்லை. எவ்வளவு கேவலம் என்று அவளுக்கே தெரிந்தது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன், அப்புறம் தடுத்துவிடுகிறேன் என்று யாரிடமோ கெஞ்சினாள்.

ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள், இன்னொன்று காலிலேயே கிடந்தது. அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து கதவில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே அம்மா பேசிக்கொண்டிருந்தாள்.