முதுகுப் பக்கம் ஏழு முட்டைகள்

மழைக்காலத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலையில் காலெண்ணியின் மனைவி கட்டிலில் ஏழு முட்டைகள் இட்டு, அவற்றைச் சுற்றி வளைந்து படுத்து, போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். அன்று அவன் அலுவலகத்துக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனான்.

மண் ஆய்வு அலுவலகத்தில் அவனுக்கு மண்பூரான்களை அடையாளம் காணும் வேலை. காலெண்ணி என்ற பட்டப்பெயரும் அதில்தான் ஒட்டிக்கொண்டது. தோட்டக்காரர்கள் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். நூல் மாதிரி மஞ்சளாக, கண்ணே இல்லாத பிறவிகள். லென்ஸுக்கு அடியில் கிடத்திக் கால்களை ஜோடி ஜோடியாக எண்ணினால்தான் எந்த இனம் என்று தெரியும். நாற்பத்தொன்பது ஜோடி வரும், ஐம்பத்தொன்று வரும். தலைகீழாக நின்றாலும் ஐம்பது வராது. குஞ்சுக்குப் பிறக்கும்போதே மொத்தக் காலும் இருக்கும். தாய் முட்டைகளுக்கு முதுகைக் காட்டி வளைந்து, வாரக்கணக்கில் பட்டினி கிடந்து காக்கும். யாராவது கல்லைப் புரட்டி எட்டிப் பார்த்தால் போச்சு, முட்டைகளைத் தானே தின்றுவிடும்.

மனைவியும் முட்டைகளுக்கு முதுகைக் காட்டித்தான் படுத்திருந்தாள். கல்யாணமாகிப் பதினோரு வருடம். பார்க்காத டாக்டர் இல்லை. காலெண்ணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"போர்வையை மட்டும் தூக்கிடாதீங்க," என்றாள்.

"எனக்கே பாடம் எடுக்கிறியா?" என்று சிரித்தான்.

அவன் அம்மா வந்து பார்த்து, "முட்டையோ குட்டியோ, நல்லபடியா பொறந்தா சரி," என்று சொல்லிவிட்டு, மருமகளின் வேலைகளையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தாள்.

வாரங்கள் போயின. மனைவி ஒரு பருக்கை தொடவில்லை. போர்வை மட்டும் நாளுக்கு நாள் உயர்ந்தது. உள்ளேயிருந்து ஈர மண் வாசனை வந்தது. காலெண்ணிக்கு விரல் துறுதுறுத்தது. பார்க்க வேண்டும் என்றுகூட இல்லை, எண்ண வேண்டும்; பதினைந்து வருடப் பழக்கம். முப்பத்தெட்டாம் நாள் மத்தியானம், அவள் கண் அசந்த நேரம் பார்த்து, போர்வையின் ஓரத்தை ஓர் அங்குலம் தூக்கினான். முட்டையின் தோல் கண்ணாடியாக இருந்தது. உள்ளே மடங்கிய முழங்கால்கள் தெரிந்தன. எண்ணினான். ஒரு ஜோடி. ஒற்றைப்படைதான், கணக்கு சரி. போர்வையைப் பூப்போல விட்டுவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்து அழுதான், அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் போர்வை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலில் புது விரிப்பு. மனைவி அடுப்படியில் நின்று சமைத்தாள், அவனுக்குத் தட்டு வைத்தாள்.

"நீயும் உக்காரேன். முப்பத்தெட்டு நாளா பட்டினி," என்றான்.

"எனக்கு வேண்டாம். வயிறு நெறஞ்சிருக்கு."

அவள் குரலில் கோபம் இல்லை. அவன் அம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் வெகுநேரம் நின்றாள்.

அடுத்த மழைக்காலத்துக்கு மனைவி கட்டிலைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னாள். கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் கேட்டாள். காலெண்ணி கடைக்குப் போய் இருப்பதிலேயே பெரிதாக ஒன்று வாங்கி வந்து, தானே திருகாணி முடுக்கினான். அவள் உள்ளே போய்த் தாழ் போட்ட சத்தம் கேட்டது. வெளியே நின்று கதவைத் தோளால் ஒருமுறை தள்ளிப் பார்த்தான், அசையவில்லை. நிம்மதியாக வேலைக்குக் கிளம்பினான்.