மூன்றாம் கூடத்துத் தரை

அருங்காட்சியகத்தின் வாசலுக்கு இருபத்திரண்டு படிகள். அவர் நான்காவது படியில் நின்றார். எட்டாவதில் நின்றார். பதினொன்றில் உட்கார்ந்தேவிட்டார். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டு ஒரு படி கீழே காத்திருந்தாள். மேலே நின்றால் அவசரப்படுத்துவதுபோல் இருக்கும்.

பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக அவர்களைத் தாண்டி ஏறினார்கள்.

"பதினாலு மாசம் வேலை பாத்திருக்கீங்க. இத்தனை படி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"நான் எங்க இந்தப் பக்கம் வந்தேன்? எல்லாம் பின்வாசல். இந்த வாசல் வழியா இன்னிக்குத்தான் முதல்முறையா போறேன். ராஜா மாதிரி."

"ராஜா எந்திரிக்கட்டும். அஞ்சு மணிக்கு மூடிருவாங்க."

அவள் உடுப்புத் தொழிற்சாலையில் சட்டைக் கழுத்துப்பட்டி தைப்பவள். மாமியார் இறந்துவிட்டதாகச் சொல்லி அரைநாள் விடுப்பு வாங்கியிருந்தாள். இந்த வருடத்தில் இது இரண்டாவது தடவை.

"எங்கம்மாவை இன்னும் எத்தனை தடவை சாகடிப்ப?" என்றார் அவர், மூச்சுக்கு இடையில்.

"அவங்க ஊர்ல கல்லு மாதிரி இருக்காங்க. புள்ளைக்காக நாலு தடவை செத்தாத்தான் என்ன?"

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாயிற்று. இருமல் அடங்கும்வரை அவள் அவர் முதுகில் கையை வைத்திருந்தாள். சட்டைக்குள் எலும்புகள் ஏறி இறங்கின.

அவர் தரைக்குக் கல் பதிப்பவர். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய மருத்துவர், கோதுமை மாவைத் தூவியதுபோல் இருந்த புள்ளிகளைப் பேனாவால் தொட்டு, "இதெல்லாம் கல்லுத் தூசி" என்றார். தொழில் நோய்க்கென்று பெரிய மருத்துவமனையில் தனி வார்டு இருந்தது. அங்கே சேர்க்க, எந்த இடத்தில் வேலை பார்த்து நோய் வந்தது என்று தொழிலாளர் அலுவலகம் சான்று தர வேண்டும். ஒப்பந்தக்காரரின் ஆள் பட்டியலில் அவர் பெயர் இல்லை. மேஸ்திரியை அழைத்து விசாரித்தார்கள். மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்த ஆளை நான் பாத்ததே இல்ல" என்றார். பதினாலு மாதம் ஒரே வாளியில் கை கழுவியவர்.

அலுவலர் கெட்டவர் இல்லை. "தரை போட்டேன்னு யார் வேணும்னாலும் சொல்லலாம்மா" என்றார். "போட்டவருக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாவது இருக்கா?"

கணவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டே, கல் பதித்ததில் தான் செய்த ஒரு தப்பைச் சொன்னார். அவள் அதை மனுவில் எழுதினாள். மூன்றாம் கூடம். தரையில் பதித்த பூக்களில் ஜன்னல் பக்கமிருந்து இரண்டாவது. எட்டு இதழில், வாசலைப் பார்த்த இதழிலிருந்து வலப்பக்கமாக எண்ணினால் ஐந்தாவது. கல்லின் ரேகை மற்ற இதழ்களில் உள்ளிருந்து வெளியே ஓடும். அதில் மட்டும் குறுக்கே ஓடும். அலுவலர் மனுவில் முத்திரை குத்தி, வெள்ளிக்கிழமைக்குள் படம் எடுத்து வரச் சொன்னார். இன்று வியாழன்.

உள்ளே போனதும் அவருக்குத் திசை குழம்பிவிட்டது. தரைக்காரர்கள் எதிர்ச் சுவரில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்தபடி கல் பதிப்பார்கள். ஒரு கூடத்தை அவர் பார்த்ததெல்லாம் குந்திய நிலையில், முதுகை வாசலுக்குக் காட்டித்தான். அப்போது சுவர்கள் வெறுமையாக இருந்தன. இப்போது தங்கச் சட்டத்துக்குள் குதிரைகளும் சேனாதிபதிகளும் நின்றார்கள்.

"இது இல்ல. இங்க சதுரக் கல்லு. இது வேற ஆளுங்க வேலை."

எல்லாரும் சுவரைப் பார்த்து நடந்தார்கள். அவர்கள் இருவரும் தரையைப் பார்த்து நடந்தார்கள். காவலுக்கு நின்ற பெண் இரண்டு கூடம்வரை பின்னாலேயே வந்தாள்.

"என்னக்கா, ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"ஆமா. தேடிட்டு இருக்கோம்."

"தோடா?"

"அதைவிடப் பெருசு."

அடுத்த வாசலைத் தாண்டியதும் அவர் நின்றார். செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் கல்லில் வைத்துப் பார்த்தார். "இதான்" என்றார். ஜன்னலோரமாகக் கறுப்பும் வெள்ளையுமாகப் பூக்கள். முதல் பூ முழுதாகத் தெரிந்தது. இரண்டாவது பூவின் மேல் ஆள் உயரக் கண்ணாடிப் பெட்டி ஒன்று நான்கு குட்டைக் கால்களில் நின்றது. பெட்டிக்குள் யாரோ ஓர் அரசரின் பட்டு அங்கி, கைகளை விரித்தபடி.

"அப்பவே மேஸ்திரி சொன்னாரு, மேல ஏதோ வைப்பாங்க, விடுன்னு. எனக்கு அன்னிக்குக் காய்ச்சல். பிரிச்சுப் போடுறேன்னு கெஞ்சினேன்."

பெட்டிக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அவள் குனிந்தாள். இருட்டு. மண்டியிட்டாள். பிறகு சேலையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு குப்புறப் படுத்தாள்.

"ஏய், அக்கா! எந்திரிங்க முதல்ல! இங்க படுக்கக் கூடாது!"

"தெரியும்மா."

"தெரிஞ்சுமா படுக்கிறீங்க? மேல கேமரா இருக்கு, என் வேலை போயிடும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மனுவின் நகலை எடுத்துக் கொடுத்தாள். காவல்காரப் பெண் நின்றவாறே படித்தாள். காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். அங்கே அவளுக்கு நாற்காலி இல்லை.

"இந்தத் தரையா? இவரா போட்டாரு?"

"இந்தக் கூடம் மட்டும்" என்றார் அவர். "தண்ணி ஊத்தி அறுத்தா தூசி பறக்காது. சுவருக்கு அப்பத்தான் சாயம் அடிச்சிருந்தாங்க. ஈரம் ஆகாதுன்னுட்டாங்க. ஜன்னலையும் சாத்தி, காய்ஞ்ச கல்லாவே அறுத்தோம்."

காவல்காரப் பெண் தரையைப் பார்த்தாள். தினமும் எட்டு மணிநேரம் அதன்மேல் நிற்பவள், முதன்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வழவழன்னு இருக்கு, ஆனா குதிகால் போயிடுது" என்றாள்.

"கல்லுன்னா அப்படித்தாம்மா. நான் என்ன பண்ண?"

"உங்களைச் சொல்லல அண்ணா." மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, நான் அந்தக் கோடியில பிள்ளைங்களை அதட்டப் போறேன். அஞ்சு நிமிஷம் அதட்டுவேன். திரும்பி வரும்போது நீங்க எந்திரிச்சிருக்கணும்."

கூடத்தின் மறுகோடியில் சும்மா நின்ற பிள்ளைகள்மேல் காவல்காரப் பெண் எரிந்து விழும் சத்தம் கேட்டது. "கையைத் தொங்கப் போடு! யாரு இப்ப சுவத்தைத் தொட்டது?"

மனைவி கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தாள். கல் குளிர்ந்தது. கைப்பேசி விளக்கைப் போட்டு, கையை நீட்டி, பெட்டிக்கு அடியில் செலுத்தினாள். முதல் படத்தில் வெளிச்சம் மட்டும். இரண்டாவதில் பெட்டியின் கால். அவர் மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். "வலப்பக்கம். இன்னும் உள்ள. விளக்கைச் சாய்ச்சுப் பிடி, நேரா பிடிச்சா ரேகை தெரியாது." தோள்பட்டை பெட்டியில் முட்டியது. அவள் தலையைத் திருப்பி, மூச்சை அடக்கி, இன்னும் ஒரு சாண் உள்ளே விட்டாள்.

ஒன்பதாவது படத்தில் எட்டு இதழும் விழுந்தன. ஏழில் கோடுகள் நடுவிலிருந்து வெளியே ஓடின. ஒன்றில் குறுக்கே.

"விழுந்துடுச்சு" என்றாள், படுத்தவாறே. "வந்து பாருங்க. எழுதினது எழுதின மாதிரியே இருக்கு. நாளைக்கு இதை அந்த ஆபீசர் மேசையில வைக்கிறேன். இல்லன்னு சொன்னா அவரையே இங்க கூட்டிட்டு வந்து படுக்க வைக்கிறேன்."

அவர் நின்ற இடத்தில் கால்களைக் காணோம். அவள் பயந்து எழுந்தாள்.

அவர் பெட்டியின் மறுபக்கம், தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இடுப்பு உயரத்துக்கு வெள்ளை இயந்திரம் ஒன்று மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதன் மேல் ஓர் அறிவிப்புப் பலகை: இந்த அங்கியைத் தூசியிலிருந்து காப்பதற்காக இங்குள்ள காற்று இரவும் பகலும் வடிகட்டப்படுகிறது.

"என்னங்க? என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல." அவர் குரல் முழுதாக வந்தது. படியேறியதிலிருந்து அவர் மூச்சு வாங்காமல் பேசுவது இதுதான் முதல் தடவை. "இங்க உக்காந்தா மூச்சு நல்லா வருது."

மூடும் மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வெளியேறினார்கள். காவல்காரப் பெண் கூடத்தின் நடுவே வந்து, அவர்களைப் பார்த்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்றாள். அவர் எழவில்லை. இயந்திரத்தில் காற்று வெளிவரும் சல்லடைப் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயை அகலத் திறந்துகொண்டார்.