பலகை இல்லாத வீடு

சலவைக் கடையிலிருந்து துவைத்த போர்வை மூட்டைகளை வண்டியில் கொண்டுபோய்க் கொடுப்பது என் பகல் வேலை. மாலையில் வகுப்பு. எதையும் ஒழுங்காகச் செய்து முடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கைபேசி வரைபடத்தில் நான் போகும் இடங்களின் பெயரையும் வாசலையும் திருத்தி வந்தது அதனால்தான். மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பினாலே கைபேசி கேட்கும்: இது என்ன இடம்? வாசல் எந்தப் பக்கம்? கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது.

அந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. அடி தாங்காமல் புருஷனை விட்டு வந்த பெண்கள் அங்கே தங்கியிருந்தார்கள். வீட்டை நடத்தியவரை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். பலகை ஏன் இல்லை என்று நான் யோசிக்கவே இல்லை. முதல் நாள் வாசல் தேடி அலைந்த எரிச்சல்தான் நினைவில் இருந்தது. ‘பெண்கள் காப்பகம். வாசல் பின் சந்தில், பச்சைக் கதவு’ என்று எழுதிப் படமும் சேர்த்தேன். நன்றி என்று வந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

அதை எழுதிய பதினோராம் நாள் மூட்டையோடு போனபோது அந்தக் கதவின் தாழ்ப்பாள் பெயர்ந்து கிடந்தது.

“காலைல ஒருத்தியோட புருஷன் வந்துட்டான் தம்பி,” என்றார் பெரியக்கா. “போனைப் பாத்துக்கிட்டே நேரா பின் சந்துக்கு வந்திருக்கான். பக்கத்துப் பட்டறைக்காரங்க ஓடி வந்ததால பொழச்சா. ஒன்பது வருஷமா ஈ காக்காய்க்குத் தெரியாது இந்த இடம். எவன் போட்டுக் குடுத்தானோ.”

நான் மூட்டைகளை எண்ணி வைத்தேன். ஆறு. மறுபடியும் எண்ணினேன்.

சந்து முனையில் நின்று, நான் எழுதியதை நீக்கும்படி வரைபட நிறுவனத்துக்குக் கோரிக்கை அனுப்பினேன். மூன்று முறை. மூன்று முறையும் ஒரே பதில்: ‘இந்த இடம் இருப்பதை மற்றவர்களும் உறுதிசெய்துள்ளனர்.’ யார் அந்த மற்றவர்கள்? அவனும் ஒருவனா? மனிதர் யாரிடமாவது பேசலாம் என்று எண் தேடினேன். அப்படி ஒரு எண்ணே இல்லை.

கடைக்கார மாமாவிடம் சொன்னேன்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்திருக்கியேடா! உன்னை யாரு கேட்டா?”

“போன்தான் மாமா கேட்டுச்சு.”

“போன் கேட்டுச்சாம்! கிணத்துல குதின்னா குதிப்பியா? போ, அந்தம்மாகிட்ட உன் வாயாலயே சொல்லு.”

மறுநாள் காலை போய்ச் சொன்னேன். பச்சைக் கதவருகே ஒரு வேனில் பாய்களும் பெட்டிகளும் ஏறிக்கொண்டிருந்தன. பெரியக்கா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

“அழிக்கச் சொல்லி மூணு தடவை கேட்டேன்க்கா.”

“அழிச்சாங்களா?”

“இல்லக்கா.”

“இனி மூட்டை கடையிலயே இருக்கட்டும். எங்க ஆளு வந்து எடுத்துக்கும்.”

“அந்த அக்காவுக்கு அடி கிடி பட்டுச்சா? இப்ப எங்க இருக்காங்க?”

பெரியக்கா என் சட்டைப்பையில் இருந்த கைபேசியைப் பார்த்தார். “அது உனக்குத் தெரிய வேண்டாம் தம்பி.”

வேன் உறுமியதும் நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். சத்தம் முழுதாக அடங்கும்வரை திரும்பவில்லை. அது எந்தப் பக்கம் போனது என்று எனக்குத் தெரியாது.