அரபுப் பேப்பர் அட்டை

1988, நோன்புப் பெருநாளுக்கு மறுநாள், அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் சாயங்கால நேரம். நூர் நிஷா புத்தக அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் ஒரு புத்தகத்தின் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

போனது 1951இல் வந்த ஒரு நாவலின் முதல் பதிப்பு. அடுத்த பதிப்பில் ஆசிரியர் கடைசி அத்தியாயத்தையே எடுத்துவிட்டார். அது உள்ள பிரதியை ராமநாதபுரத்துப் பழைய பேப்பர் கடையில், கட்டுக்கட்டான பழைய நோட்டுப் புத்தகங்களுக்கு அடியிலிருந்து உருவியிருந்தாள். புத்தகத்தில் பெயர் எழுதமாட்டாள். எழுதினால் பிரதி கெட்டுவிடும். கணவன் காதர் மைதீன் துபாயிலிருந்து சாமான் சுற்றிக் கொண்டுவரும் அரபுப் பேப்பரில் அட்டை போட்டு வைப்பாள். அதுதான் அடையாளம்.

வீட்டில் அவளும், லீவில் வந்திருக்கும் காதர் மைதீனும்தான். பெருநாள் விருந்துக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவளோடு பள்ளியில் வேலை பார்க்கும் சேதுலட்சுமி. கீழக்கரையில் நாவல் பற்றி நூர் நிஷா வாய் திறந்து பேசக்கூடிய ஒரே ஆள். இன்னொருவர் மெட்ராஸ் விசா ஏஜெண்ட். தம்பியின் விசாவுக்காகக் காதர் மைதீன் அவர் பின்னால் அலைந்துகொண்டிருந்தான். இருவருமே அந்தப் புத்தகத்தைக் கேட்டார்கள். ஏஜெண்ட் சொந்தமாக்கிக்கொள்ளக் கேட்டார். சேதுலட்சுமி ஒரு வாரத்துக்குக் கேட்டாள். முதல் பதிப்பு வாசல் தாண்டாது என்று இருவருக்கும் ஒரே பதில்தான்.

காணோம் என்றதும் காதர் மைதீன் சிரித்தான். ஊரார் எடைக்குப் போடுவதை இவள் பூட்டி வைக்கிறாள் என்று அவனுக்கு எப்போதும் கேலி.

"ஏஜெண்டை நான்தான் கார்ல ஏத்திவிட்டேன். வெறுங்கையோட போனாரு. ஒன் டீச்சரம்மாதான் பெரிய பையோட வந்தா. யோசிச்சுக்க."

யோசித்தாள். பிரியாணி நிறைத்த தூக்குச்சட்டியோடு போன பை. கடைசி அத்தியாயத்தை நின்றபடியே படித்துக்கொண்டிருந்த சேதுலட்சுமியின் முகம்.

மறுநாள் காலையில் சேதுலட்சுமியின் வீட்டுக்குப் போனாள். காப்பி வந்தது. குடிக்காமல், பையில் தவறி விழுந்திருக்குமோ என்று கேட்டாள். சேதுலட்சுமி உள்ளே போய்ப் பையை எடுத்துவந்து தரையில் கவிழ்த்தாள். தூக்குச்சட்டி உருண்டது.

"பீரோவையும் திறந்து காட்டவா டீச்சர்?"

அதுவரை அவள் நிஷா என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.

நூர் நிஷா அப்போதும் நம்பவில்லை. பையிலேயே வைத்துக்கொண்டா இருப்பாள் என்று நினைத்தபடி வீடு திரும்பினாள்.

வியாழக்கிழமை மஃரிபு தொழுகைக்குப் பிறகு யாசீன் ஓதுவதற்காக அலமாரி மேலிருந்த குர்ஆனை எடுத்தாள். பக்கத்தில் நாலாக மடித்த பேப்பர் ஒன்று. விரித்தாள். புத்தக முதுகின் இரண்டு மடிப்புக் கோடுகள் நடுவில் ஓடின. அவள் போட்ட அட்டை.

அரபு எழுத்து இருந்தால் அந்த வீட்டில் குப்பையில் போடமாட்டார்கள். சோப்பு விளம்பரமானாலும் மடித்து உயரத்தில் வைப்பார்கள். நிறையச் சேர்ந்ததும் கடலில் விடுவார்கள். சேதுலட்சுமிக்கு அது வெறும் தாள். போன வருஷம் நூர் நிஷா கொடுத்த பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டு, சுற்றியிருந்த தாளைக் கசக்கி வகுப்பு ஜன்னல் வழியே எறிந்தாள். நூர் நிஷா ஓடிப்போய்ப் பொறுக்கியதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

காதர் மைதீன் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தம்பிக்கு விசா வந்துவிட்டது என்று அன்று காலைதான் தந்தி வந்திருந்தது. நூர் நிஷா அந்தத் தாளைத் தரையில் வைக்க மனமில்லாமல் இரண்டு கையிலும் ஏந்தி அவன் முன்னால் நின்றாள்.

"அரபு எழுத்தக் கீழ போடக்கூடாதுன்னு சேதுலட்சுமிக்கு யாரு மச்சான் சொல்லிக் குடுத்தா?"