குழிக்கு முன்னே ஒரு பாட்டில்

"ஏய் பெரியண்ணா, எங்க தாத்தா போயிட்டாரு. மூணு மணிக்கு எடுக்குறோம். குழி வெட்ட வா."

பைக்கை அணைக்காமலே சொன்ன அய்யப்பனுக்கு இருபத்திரண்டு வயது. பெரியண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குன்றாண்டார்கோவில் பக்கத்து அந்த ஊரில் மேலத்தெருவில் சாவு விழுந்தால் கீழத்தெருப் பெரியண்ணன்தான் குழி வெட்ட வேண்டும். வெட்டுமுன் அவர்கள் தரும் பிராந்தியைக் குடித்தாக வேண்டும். குடிக்காதவன் வெட்டிய குழி செத்தவருக்கு ஆகாதாம். எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. பெரியண்ணனின் அப்பா அப்படிக் குடித்துக் குடித்தே ஒரு குழியோரம் விழுந்து செத்தார்.

அய்யப்பன் இருந்த இடத்திலிருந்தே கைநீட்டி, வாசலில் இருந்த தண்ணீர் டிரம் மூடிமேல் பாட்டிலை வைத்தான். உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த பெரியண்ணனின் மனைவி மூக்காயிக்குக் கை ஓடவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன ஜெபவீட்டில் அவள் புருஷன் மண்டியிட்டு அழுது எட்டு மாதம் ஆகிறது. அன்றோடு குடி போயிற்று. பொழுது சாய்ந்தால் அடிக்குப் பயந்து அடுத்த வீட்டில் ஒளிந்தவள், இப்போது அவர் ராகம் தப்பிப் பாடும் கீர்த்தனையைக் கேட்டுக்கொண்டே குழம்பு கூட்டுகிறாள். இந்தச் சந்தோஷம் நமக்குத் தங்குமா என்ற உதறல் மட்டும் அவளைவிட்டுப் போகவே இல்லை.

"நான் இப்ப குடிக்கிறதில்லங்க தம்பி. குழி வெட்டவும் வரல" என்றார் பெரியண்ணன்.

நேற்றுவரை 'ஐயா' என்றவர் 'தம்பி' என்றதும் அய்யப்பனின் முகம் கறுத்தது. "ஏசு வந்து வெட்டுவாராக்கும்?"

"அவரு குழியவிட்டு எந்திரிச்சவருங்க. குழிக்குள்ளயே கெடந்தவன் நாந்தான். என்னையத் தூக்கி வெளிய விட்டுட்டாரு. திரும்ப எறங்க மாட்டேன்."

"நீ வரலைன்னா பொணம் கெடந்துருமா? பாக்குறேன்."

பைக் போய்விட்டது. பாட்டில் அங்கேயே இருந்தது.

பெரியண்ணன் கொல்லைக்குப் போனார், வந்தார். உட்கார்ந்தார், எழுந்தார். வாய் ஜெபத்தை முணுமுணுத்தாலும் கண் டிரம் பக்கமே போனது. மூக்காயி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தானே எடுத்துக் கொட்டிவிடலாம்தான். ஆனால் அவள் கொட்டினால் அது அவர் ஜெயித்ததாகுமா? பாத்திரம் துலக்க உட்கார்ந்தாள். இரண்டு மணி வாக்கில் திடீரென்று அவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஈரக்கையோடு அவளும் பின்னால் ஓடினாள்.

அவர் மூடியைத் திருகவில்லை. நேரே மேலத்தெரு இடுகாட்டுக்குப் போனார். அங்கே கீரனூரிலிருந்து வந்த ஜேசிபி குழியை வெட்டி முடித்திருந்தது. டிரைவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷம் வெட்டிய பெரியண்ணனுக்கு அங்கே யாரும் நாற்காலி போட்டதில்லை.

அவர் பாட்டிலை அய்யப்பன் முன்னால் மண்ணில் வைத்தார். "இத வச்சிட்டு வந்துட்டீங்க தம்பி."

கூடியிருந்த மேலத்தெருக்காரர்கள் அவரை முறைத்தார்கள். மூக்காயிக்குப் பொறுக்கவில்லை. டிரைவரிடம் கேட்டாள்: "குடிச்சிட்டுத்தானே தம்பி குழிய வெட்டுனீங்க?"

அவன் பதறிப்போய் டீயைக் கீழே வைத்தான். "அப்புடிச் சொல்லாதீங்க ஆத்தா. குடிச்சிருந்தா வண்டியத் தொடவே விடமாட்டாங்க."

மேலத்தெருக்காரர்கள் குழியைப் பார்த்தார்கள், பாட்டிலைப் பார்த்தார்கள். பெரியண்ணன் திரும்பி நடந்தார். பத்தடி போனதும், எப்போதும்போல் ராகம் தப்பி, பாட ஆரம்பித்தார். மூக்காயிக்கு அந்தப் பாட்டு பாதிதான் தெரியும். தெரிந்த பாதியைச் சத்தமாகவே பாடினாள்.