அழகுக்கு ஒரு கிட்டார்

என் அண்ணி பகலில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவாள். சனி, ஞாயிறுகளில் மேடையில் கிட்டார் வாசிப்பாள். கல்யாண வரவேற்பு, கம்பெனி விழா, பிறந்தநாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போகிற சின்னக் குழு அது. பாடுகிறவர்தான் தலைவர். அவரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். கீபோர்டுக்கு ஒருவர், டிரம்ஸுக்கு ஒருவர், மேடைக்கு எதிரே உட்கார்ந்து சத்தத்தை ஏற்றி இறக்க ஒரு மைக்செட்காரர். நட்டநடுவில் அண்ணி. விளம்பரப் படங்களிலும் அவள்தான் நடுவில் நிற்பாள்.

ஒருநாள் ஒரு கம்பெனி விழாவுக்கு நானும் போயிருந்தேன். உட்கார இடமில்லாமல் மைக்செட்காரர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் முன்னால் இருந்த பலகையில் வரிசையாகக் குமிழ்கள். மேலே தள்ளினால் சத்தம் ஏறும், கீழே இழுத்தால் இறங்கும். எல்லாம் பாதிக்கு மேலே நின்றன. ஒன்று மட்டும் அடிமட்டத்தில் கிடந்தது.

"அண்ணே, இது யாரோடது?"

"கிட்டார்."

"கீழ கிடக்கே?"

அவர் என்னை ரசிகை என்று நினைத்துவிட்டார் போல. அண்ணியின் நாத்தனார் என்று தெரிந்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டார். சிரித்துக்கொண்டே சொன்னார். "அது சும்மா அழகுக்கும்மா. கிட்டார் சத்தம் கீபோர்டுலயே வந்துரும். ஒரு பொண்ணு கையில கிட்டாரோட நின்னா மேடை எடுப்பா இருக்கும்னு மாஸ்டர் சொன்னாரு. அவங்க காலடியில ஒரு ஸ்பீக்கர் வச்சிருக்கேன் பாருங்க, அதுல மட்டும் அவங்க சத்தத்த விட்டுருக்கேன். அவங்களுக்குக் கேக்கும். வேற யாருக்கும் கேக்காது."

நான் மேடையைப் பார்த்தேன். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, உயிரைக் கொடுத்து வாசித்துக்கொண்டிருந்தாள். கூட்டத்துக்குக் கேட்டது கீபோர்டிலிருந்து வந்த பொய்க் கிட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அண்ணி முதலில் நம்பவில்லை. பிறகு, யாரோ எடுத்து அனுப்பியிருந்த பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாகப் போட்டு, காதில் இயர்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டாள். ஒன்றில் அவள் கை நின்ற பிறகும் கிட்டார் ஒலித்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்ததும் இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் சமையலறைக்குள் போனாள். அப்புறம் கொஞ்ச நேரம் பாத்திரங்கள்தான் பேசின.

அண்ணன் எட்டிப் பார்த்து, "விடும்மா, அந்தக் குழுவே வேணாம்" என்றான்.

"எதுக்கு விடணும்? தப்பு பண்ணது அவங்க, விட்டுட்டு ஓடுறது நானா?" கரண்டியோடு வெளியே வந்தாள். "என் சத்தம் என் கையில இருக்கணும். எனக்கு ஒரு ஆம்ப் வேணும். சின்னதா. நானே தூக்கிட்டுப் போறமாதிரி."

ஆம்ப் என்றால் அம்ப்ளிஃபையர். கிட்டாரை நேராகச் செருகி வாசிக்கிற ஒலிப்பெட்டி.

அடுத்த விடுமுறைக்கு மூன்று பேரும் இசைக்கருவிக் கடைக்குப் போனோம். அண்ணி தன் கிட்டாரையும் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள். விற்பனைக்காரர், கிட்டார் தொங்கும் தோளைத் தாண்டிப் போய் அண்ணன் முன்னால் நின்றார்.

"சொல்லுங்க சார், என்ன பார்க்கலாம்?"

"அவங்களைக் கேளுங்க. நான் பை தூக்க வந்தவன்" என்றான் அண்ணன்.

"சரி சார். சாருக்கு பட்ஜெட் எப்படி சார்?"

அண்ணி தொண்டையைச் செருமினாள். "கிட்டார் என்னுது. வாசிக்கிறது நான். இங்க பாத்துப் பேசுங்க."

அவர் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்தார். ஒன்று ஃபிரிட்ஜ் மாதிரி ஆள் உயரம். இன்னொன்று உள்ளங்கை அகலம், இளஞ்சிவப்பு நிறம். "லேடீஸ் நிறைய பேர் இதத்தான் எடுக்குறாங்க" என்றார் சின்னதைக் காட்டி.

"லேடீஸ் கிட்டார்ல கம்பி வேற மாதிரியா இருக்கு?"

நான் திரும்பிக்கொண்டு சிரித்தேன். அண்ணி கிட்டாரைப் பெரியதில் செருகினாள். கிட்டார் உறுமியது, மோட்டார் சைக்கிள் போல. "இது எலெக்ட்ரிக் கிட்டாருக்கு. சத்தத்த வேணும்னே கரகரப்பாக்கும். என்னுது மரம். மரத்தோட சத்தம் மரமாவே வெளிய வரணும். அதுக்குன்னு தனியா ஆம்ப் இருக்கு, எனக்குத் தெரியும்."

விற்பனைக்காரரின் முகம் மாறியது. கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன். இல்லை, அப்போதுதான் அவருக்கு எங்கள்மேல் ஆர்வமே வந்தது. உள்ளே போய், தையல் மெஷின் பெட்டி அளவில் நான்கைந்து ஆம்புகளை எடுத்து வந்து தரையில் வரிசையாக வைத்தார். அதன்பிறகு அண்ணனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அண்ணி ஒவ்வொன்றிலும் ஒரே பாட்டைத்தான் வாசித்தாள். எதிரொலி, அலையொலி என்று சத்தத்துக்கு மெருகு போடுகிற குமிழ்களையெல்லாம் அணைத்துவிட்டாள். "முதல்ல மூஞ்சியப் பாப்போம், பவுடர் அப்புறம்." என்னை டிரம்ஸ் அடுக்கியிருந்த கோடிக்கு அனுப்பி, "அங்க எப்படிக் கேக்குது?" என்று கத்தினாள். ஒன்று டப்பாவுக்குள் வாசிப்பது போல இருந்தது. ஒன்றில் தடித்த கம்பிகள் மட்டும் குமுறின, மெல்லிய கம்பிகள் காணாமல் போயின. பக்கத்தில் நன்றாக இருந்த ஒன்று, என்னிடம் வந்து சேருவதற்குள் சோர்ந்துபோனது.

கடைசியில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. அதில் வாசித்தபோது கம்பிமேல் விரல் நகரும் கீச்சுகூட எனக்குக் கேட்டது. கிட்டாருக்கு ஒரு துளை, பாட மைக்குக்கு ஒரு துளை. மின்சாரம் இல்லாத இடத்திலும் ஓட பேட்டரி. "இந்தப் பட்டனைப் பாருங்க" என்று விற்பனைக்காரர் குனிந்து காட்டினார். "மேடையில சில நேரம் ஆம்ப் சத்தம் திரும்பக் கிட்டாருக்குள்ளயே போயி ஊளையிட ஆரம்பிச்சுரும். அப்ப இத அமுக்குங்க, பெரும்பாலும் அடங்கிரும். அடங்கலன்னா தடிச்ச சத்தத்தக் கொஞ்சம் குறைங்க." இந்தப் பெட்டியை முதலிலேயே காட்டியிருக்கலாம். ஃபிரிட்ஜைத் தள்ளிக்கொண்டு வந்திருக்க வேண்டாம்.

அண்ணி பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கி, கடையின் மாடிப்படியில் ஏறி இறங்கிப் பார்த்தாள். "இது போதும்."

வீட்டில் முதல் நாள் அது ஊளையிட்டதில் மேல்வீட்டார் கதவைத் தட்டினார்கள். ஆம்பை முதுகுக்குப் பின்னால் வைத்து, கிட்டாரை அதற்கு நேராகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் அண்ணி. பட்டனை அமுக்கியும் அடங்கவில்லை. பக்கவாட்டில் நகர்த்தினாள், கிட்டாரின் வாய்க்கு ரப்பர் மூடி போட்டாள், தடித்த சத்தத்தைக் குறைத்தாள், அடங்கியது. தரையில் வைத்தால் சத்தம் கணுக்காலுக்குத்தான் போகிறது என்று நாற்காலிமேல் ஏற்றினாள். வேலை முடிந்து வந்ததும் தினமும் இதுதான். ஒவ்வொரு குமிழையும் கடுகளவு திருப்பி, வாசித்து, மறுபடி திருப்பி. கோபம் மட்டும் இறங்கவே இல்லை. சில சமயம் பாட்டின் நடுவில் நிறுத்தி, "அழகுக்காம்!" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுத் தொடர்வாள்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு கல்யாண வரவேற்பு. நானும் அண்ணனும் கூடவே போனோம். மேடையில் அண்ணி பெட்டியை நாற்காலிமேல் வைத்ததும் மாஸ்டர் வந்துவிட்டார்.

"என்னம்மா இது, குறுக்க?"

"ஆம்ப்."

"அதெல்லாம் மைக்செட்காரர் பாத்துக்குவாரும்மா."

"பாத்துக்கிட்டாரு மாஸ்டர். ரொம்ப நல்லாவே பாத்துக்கிட்டாரு."

மாஸ்டர் மைக்செட்காரரைப் பார்த்தார். மைக்செட்காரர் என்னைப் பார்த்தார். அப்புறம் வயர் எதையோ தேடுவது போல மேசைக்கடியில் குனிந்துகொண்டார். மண்டபத்தில் விருந்தினர்கள் வந்துகொண்டிருந்தார்கள், வாய்ச்சண்டை போட முடியாது. மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் பாட்டை ஆரம்பித்தார்.

கிட்டார் கேட்டது! முன்வரிசைக்குத் தெளிவாக, பின்வரிசைக்கு மெலிதாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் பக்கத்து ஆளைத் தட்டி, "அது என் வீட்டுக்காரி" என்றான்.

மூன்றாவது பாட்டில்தான் வம்பு. அவர்கள் எப்போதும் பாடுகிற பாட்டு, எல்லா மேடையிலும் பாடுவது. சரணத்தில் ஓரிடத்தில் மாஸ்டரின் குரல் ஒரு பக்கம் போக, கிட்டார் இன்னொரு பக்கம் போனது. எனக்கே காது கூசியது. மறுபடி அந்த இடம் வந்தது, மறுபடி அதே. முன்வரிசையில் சிலர் திரும்பி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் மாஸ்டர் வெடித்தார். "மானம் போச்சு! என்னம்மா வாசிக்கிற நீ? சரணத்துல முழுசும் தப்பு! இதுக்குத்தான் ஆம்ப் தூக்கிட்டு வந்தியா?"

அண்ணியின் முகம் வெளுத்தது. அது தப்பு என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"இந்தப் பாட்டு எத்தன மேடையில வாசிச்சிருப்போம் மாஸ்டர்?"

"அது எதுக்கு இப்ப?"

"எல்லா மேடையிலயும் நான் இப்படித்தான் வாசிச்சேன். ஏன் ஒரு தடவகூட யாரும் சொல்லல?"

டிரம்ஸ்காரர் குச்சிகளைத் துடைக்க ஆரம்பித்தார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அவளைத் தவிர எல்லாருக்கும்.

"கேக்கலன்னு சொல்லுங்களேன்! வாய்விட்டுச் சொல்லுங்க!" அண்ணியின் குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "நல்லா வாசிச்சத மறைச்சீங்க, சரி. தப்பா வாசிச்சதையும் சேத்து மறைச்சுட்டீங்களே. தப்பு பண்ணா திட்டு வாங்குற உரிமைகூட இல்லையா எனக்கு? திட்டியிருந்தா அன்னைக்கே கத்துக்கிட்டிருப்பேனே!"

மாஸ்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கீபோர்டுக்காரர் எழுந்து வந்தார். அவளுடைய கிட்டார் சத்தத்தைத் தன் கட்டைகளில் வாசித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அண்ணியை நேராகப் பார்க்க முடியாமல் கிட்டாரைப் பார்த்துப் பேசினார்.

"அந்த எடத்துல மைனர் வரணும். நீங்க மேஜர் பிடிக்கிறீங்க. ஒரு விரல்தான் வித்தியாசம். குடுங்க, காட்டுறேன்... நான் எப்பவோ சொல்லியிருக்கணும். மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பு அப்புறம். விரலக் காட்டுங்க."

இடைவேளை முழுக்க இருவரும் அந்த ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மறுபாதியில் மணமக்களே அந்தப் பாட்டை மறுபடி கேட்டார்கள். கீபோர்டுக்காரர் கிட்டார் சத்தத்தைத் தொடவே இல்லை. சரணத்தில் அண்ணியின் விரல் சரியான இடத்தில் விழுந்தது.

வரவேற்பு முடிந்ததும் அண்ணி மாஸ்டரிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வண்டியில் வரும்போது அண்ணன், "இதத்தானே நான் முதல்லயே சொன்னேன்?" என்றான். "முதல்ல போயிருந்தா ஓடிப்போனதா இருக்கும்" என்றாள் அவள்.

கொஞ்ச நாள் கழித்து மாஸ்டர் பழக்கூடையோடு வீட்டுக்கு வந்தார். ஆள் தளர்ந்திருந்தார். கூப்பிடுகிறவர்கள் எல்லாரும், "கிட்டார் வாசிக்கிற அம்மா வருவாங்கல்ல?" என்று கேட்கிறார்களாம்.

"அவங்க கேக்குறது கிட்டாரையா, போட்டோவுல இருக்குற பொம்பளையையா?" என்றாள் அண்ணி.

மாஸ்டர் நெளிந்தார். "பழசெல்லாம் மறந்துடும்மா. நீ வந்து நின்னா போதும்."

'நின்னா போதும்' என்றதைக் கேட்டு நானே எழுந்துவிட்டேன். அண்ணி என்னைக் கையமர்த்தினாள். ஆம்பைப் போட்டாள், கிட்டாரைச் செருகினாள். அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். சின்னக் கூடத்தில் ஒரு மீட்டல்கூடப் பிசகாமல் சத்தம் நிறைந்து நின்றது. மாஸ்டர் காப்பியை மறந்துவிட்டார். முடிந்ததும் மனசார வியந்து சொன்னார்.

"உனக்கு இவ்வளவு வருமாம்மா? எனக்குத் தெரியவே தெரியாதே!"

அவர் பாராட்டத்தான் சொன்னார். ஆனால் அண்ணி அவ்வளவு கோபப்பட்டு நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

"இவ்வளவு நாளும் உங்க பக்கத்துலதான் மாஸ்டர் நின்னுக்கிட்டிருந்தேன். கிளம்புங்க. பழக்கூடையையும் எடுத்துட்டுப் போங்க."

அவர் போனார். விளம்பரப் பலகைகளிலிருந்து அண்ணியின் படத்தை அவர் இன்னும் எடுக்கவில்லை. எப்போது எடுப்பீர்கள் என்று அண்ணி வாரம் தவறாமல் போன் போட்டுக் கேட்கிறாள். இப்போது அவளும், மாஸ்டர் குழுவை விட்டு வந்துவிட்ட கீபோர்டுக்காரரும் தனியாகப் போய் வாசிக்கிறார்கள், சின்னச் சின்ன விழாக்களில். மைக்செட் கிடையாது. அண்ணன் பெட்டியைத் தூக்குகிறான். நான் கூடத்தின் கோடிக்குப் போய் நின்று, கேட்கிறதா இல்லையா என்று கையைத் தூக்கிக் காட்டுகிறேன்.